தீவுக்குப் பின்னால் எடுத்த சேறு

சனிக்கிழமைப் பேச்சு என்றால் அந்தத் தென்துருவ ஆய்வு நிலையத்தில் எவாரிஸ்தோவுக்குத்தான் கூட்டம் சேரும். கடல்யானைகளைப் பற்றிப் பேசுவான். மூன்று டன் எடையுள்ள ஆண் ஒன்று இன்னொன்றின் கழுத்தைக் கவ்வும்போது எப்படி உறுமும் என்று சாப்பாட்டு மேசைமேல் ஏறிச் செய்து காட்டுவான். நிலையத்தில் இருந்த முப்பத்தொரு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

மிர்த்தா பேசும் வாரம் மூன்று பேர் வருவார்கள். நிலையத் தலைவர் வருவார், வராவிட்டால் நன்றாயிருக்காது என்பதால். சமையல்காரர் ருஃபினோ வருவார், கூடமும் சமையலறையும் ஒன்றையொன்று ஒட்டியிருந்ததால். மூன்றாவது ஆள் எவாரிஸ்தோ. அவன் வருவது கேலி பண்ண.

மிர்த்தாவின் பாடம் கடலடிச் சேற்றில் வாழும் நூற்புழுக்கள். சாம்பல் விரிகுடாவின் எந்த மூலையில் எத்தனை வகைப் புழு இருக்கிறது, ஏன் அங்கே இருக்கிறது, ஏன் இங்கே இல்லை என்று எட்டுக் கோடைகளாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"உன் புழு எவ்வளவு நீளம் மிர்த்தா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்பான் எவாரிஸ்தோ, தெரிந்துகொண்டே.

"ஒரு மில்லிமீட்டர். நல்லா சாப்பிட்டு வளர்ந்தா ஒண்ணரை."

"என் ஆளு ஒருத்தன் தும்முனான்னா உன் ஊரே அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

"போகட்டும். உன் ஆளு தலை வைக்கிற இடத்துல மட்டும் என் ஆளுங்க பத்தாயிரம் பேர் இருக்காங்க. ஓட்டுன்னு வந்தா நாங்கதான் ஜெயிப்போம்."

இப்படியே எட்டு வருஷம். ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் என்று யாரும் பார்த்ததில்லை. மத்தியான வேளையில் இருவரும் மாத்தே என்ற கசப்பு இலைத் தேநீரை ஒரே குடுவையிலிருந்து ஒரே உலோகக் குழலால் உறிஞ்சிக் குடிப்பார்கள். தண்ணீர் ஆறிவிட்டது என்று அவள் திட்டுவாள். சர்க்கரை போட்டுக் கெடுக்கிறாய் என்று அவன் திட்டுவான்.

அந்தப் பிப்ரவரியில் மிர்த்தா சமையலறைப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிக்கொண்டாள். கப்பல் வர இன்னும் மூன்று வாரம். அவள் கணக்கில் ஒரே ஒரு இடம் பாக்கி. பனியாற்றின் முகத்துக்கு நேர் முன்னால் இருக்கும் இடம். வரைபடத்தில் அதற்கு ஜி-3 என்று பெயர். வழக்கமாகச் சேறு எடுத்துவரும் முக்குளிப்பவருக்கோ காதில் சீழ் வைத்துவிட்டது. மருத்துவர் அவரைத் தண்ணீர்ப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு அவள் எவாரிஸ்தோவைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு அந்தப் பக்கம் தானே போறே, உன் செல்லங்களை எண்ண?"

"ஆமா. கப்ரேரா படகு எடுக்கறார்."

"எனக்குக் கொஞ்சம் சேறு கொண்டுவந்து கொடு."

"கேட்டீங்களா ருஃபினோ?" என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினான் எவாரிஸ்தோ. "ஒரு பொம்பளை என்கிட்ட முதல் தடவையா ஒண்ணு கேக்குறா. அதுவும் சேறு."

"ரோஜாப்பூ கேட்டா இங்க எங்கேருந்து கொண்டுவருவே? சேறாவது கிடைக்கும்" என்றார் ருஃபினோ உள்ளேயிருந்து.

மிர்த்தா சிரிக்கவில்லை. இரும்புத் தாடை வைத்த சின்னப் பிடியை எடுத்துக் காட்டினாள். கயிற்றில் கட்டி இறக்கினால் அடியில் தட்டியதும் தாடை மூடிக்கொண்டு ஒரு பிடி சேற்றைக் கவ்விவரும். அந்தச் சேற்றில் நுனி அறுத்த ஊசிக் குழல்களைச் செருகி எடுக்க வேண்டும். ஆறு குழல். ஒவ்வொன்றிலும் இடத்தின் பெயர், ஆழம், நேரம். சீட்டுகளையும் அவளே எழுதி ஒட்டிவைத்திருந்தாள். நேரத்தையும் ஆழத்தையும் நிரப்பினால் போதும்.

"கொடி போட்ட மிதவை இருக்கும். அதுக்குப் பக்கத்துல. வேற எங்கயும் இல்ல. புரிஞ்சுதா?"

"மிர்த்தா, நான் டாக்டர் பட்டம் வாங்கினவன்."

"அதனாலதான் ரெண்டு தடவை சொல்றேன்."

மறுநாள் வானம் தெளிந்திருந்தது. கப்ரேரா கடற்படை ஆள், நாற்பது வயதுக்கு மேல், தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். ரப்பர்ப் படகை மிதவையின் பக்கம் கொண்டுபோனார். உடைந்த பனித்துண்டுகள் அங்கே மேய்ச்சலுக்கு வந்த மாடுகள்போல நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. காத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் விலகும் என்றார் அவர்.

எவாரிஸ்தோ காத்திருந்திருப்பான். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துச் சும்மா சுற்றிப் பார்த்ததுதான் வினையாகப் போயிற்று. கிழக்கே ஒரு சின்னப் பாறைத் தீவு. பத்து வருஷத்துக்கு முன்வரை பனியாற்றுக்கு அடியில் கிடந்து, பனி பின்வாங்கியபோது வெளியே வந்தது. அதன் மறுபக்கச் சரிவில் ஒரு பெண் கடல்யானை படுத்திருந்தது. தோல் உரிந்து கந்தல் கந்தலாகத் தொங்கியது. பின்துடுப்பில் மஞ்சள் வில்லை.

"கப்ரேரா, அங்க விடுங்க. சீக்கிரம்."

கிட்டே போனதும் எண் தெரிந்தது. எண்பத்து மூன்று. அது குட்டியாயிருந்தபோது எடை போட்டவன் அவன்தான். கடைசியாகப் பார்த்து மூன்று வருஷமாகியிருந்தது. கொலைத்திமிங்கிலம் தின்றிருக்கும் என்று நோட்டில் அதன் பெயருக்கு எதிரே ஒரு சிலுவைகூடப் போட்டுவிட்டிருந்தான். இப்போது அது ஒரு கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது, நீளமாக ஒரு ஏப்பம் விட்டது, மறுபடி தூங்கிப்போனது. எவாரிஸ்தோ நோட்டில் அந்தச் சிலுவையை அடித்தான். பாறைமேல் உட்கார்ந்து கழுத்துத் தழும்பை வரைந்தான், படமெடுத்தான், நீளத்தைக் கண்ணால் அளந்தான். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை.

"டாக்டர், காத்து திரும்புது. இப்பக் கிளம்பலைன்னா இங்கயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்" என்றார் கப்ரேரா.

அப்போதுதான் சேறு ஞாபகம் வந்தது. மிதவை இருந்த பக்கம் அலை எழும்பியிருந்தது. தீவின் மறைவிலோ தண்ணீர் தட்டில் ஊற்றியதுபோல அசையாமல் கிடந்தது. எவாரிஸ்தோ மிதவையைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், பிடியை அங்கேயே இறக்கினான். எல்லாம் ஒரே விரிகுடாதானே, அரைக் கிலோமீட்டர் வித்தியாசத்தில் புழுவுக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டான். ஆறு குழல் நிறைந்தது. சீட்டில் ஜி-3 என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அதை அவன் திருத்தவில்லை.

கப்ரேரா பார்த்தார். கயிற்றின் முடிச்சுகளை விரலால் தள்ளிக்கொண்டே சுருட்டினார்.

மிர்த்தா குழல்களைக் கையில் வாங்கியதுமே வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"என்ன இது, பச்சையா இருக்கு? சிப்பித் தூளெல்லாம் கிடக்கு. பனியாத்து முன்னாடி சேறு பல்பசை மாதிரி வழவழன்னு சாம்பலா இருக்கணுமே."

"அங்க அப்படித்தான் இருந்துச்சு" என்றான் எவாரிஸ்தோ.

முதல் பொய்யை அவன் எழுதவில்லை, அழிக்காமல்தான் விட்டான். இது வாய்விட்டுச் சொன்னது. அன்று இரவு ருஃபினோ வைத்த பயற்றுக் குழம்பை அவன் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோனான்.

மிர்த்தா சேற்றைக் கெடாமலிருக்க மருந்தில் போட்டு, இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றி, தலைமுடியைவிட மெல்லிய கண் வைத்த சல்லடையில் அலசினாள். இரண்டு நாள் கழித்து நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தாள். பனியாற்றின் முன்னால் ஐந்து வகை, மிஞ்சினால் ஆறு வகை கிடைக்கும் என்பதுதான் அவள் எட்டு வருஷமாகச் சொல்லிவந்தது. உருகும் தண்ணீர் ஓயாமல் மாவுபோல மண்ணைக் கொட்டும். வருகிற பனிப்பாறை ஒவ்வொன்றும் அடியைச் சுரண்டிப் போகும். அதையெல்லாம் தாங்கக்கூடிய முரட்டு வகைகள் சில மட்டும் அங்கே பிழைக்கும். வெளிக்கடல் பக்கம் போகப் போக வகை கூடும்.

வியாழக்கிழமை காலை ஆய்வறையிலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. கால் மறுபடி பிசகிவிட்டது என்று நினைத்து நாலு பேர் ஓடினார்கள். மிர்த்தா ஒற்றைக் காலில் நின்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வளையல்காரி! வளையல்காரி இருக்கா!"

"யாரு?" என்றார் ருஃபினோ, கையில் மாவோடு.

"உடம்பு முழுக்க வளையம் வளையமா இருக்குமே, அந்தப் புழு. அவ வெளிக்கடல்காரி. விரிகுடாவுக்குள்ள அவளை நான் பார்த்ததே இல்ல. பல்லன் இருக்கான், முடியன் இருக்கான். இருபத்தெட்டு வகை ஆச்சு, இன்னும் மூணு குழல் பாக்கி!"

பின்னால் நின்ற எவாரிஸ்தோவைப் பார்த்ததும் அவள் நொண்டிக்கொண்டே வந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எட்டு வருஷமா நான் சொன்னதெல்லாம் தப்புப்பா! எவ்வளவு பெரிய தப்பு! நீ கொண்டுவந்த சேறுதான் காட்டிக் கொடுத்துச்சு!"

தான் தப்பு என்று தெரிந்து இவ்வளவு சந்தோஷப்படும் மனுஷியை அவன் அதற்குமுன் பார்த்ததில்லை. சொல்லிவிட வாயைத் திறந்தான். அதற்குள் அவள் அவன் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு நுண்ணோக்கிக்குத் திரும்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் அவளே சொன்னாள். அவள் எழுதி அனுப்பியிருந்த கட்டுரை அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. பனியாற்றுக்கு அருகே வகை குறைவு என்பதுதான் அதன் முதுகெலும்பு. திங்கட்கிழமை அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று கடிதம் போடப்போகிறாள். அதற்குமுன் சனிக்கிழமைப் பேச்சில் எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லப்போகிறாள்.

வெள்ளிக்கிழமை சீட்டு மேசையில் எவாரிஸ்தோவும் கப்ரேராவும் ஜோடி. எதிரே யாரும் இன்னும் வந்து உட்காரவில்லை.

"டாக்டர்" என்றார் கப்ரேரா, சீட்டைக் கலைத்தபடி. "இந்த ஆட்டத்துல பொய் சொன்னாத்தான் ஜெயிக்க முடியும். அதனால எனக்குப் பொய் பிடிக்கும். ஆனா மேசையை விட்டு எந்திரிச்சா எனக்குப் பிடிக்காது."

"சொல்றேன் கப்ரேரா. சொல்லிடறேன்."

"என்னிக்கு?"

மிர்த்தாவின் அறைக்கு எவாரிஸ்தோ அன்று இரண்டு முறை போயிருந்தான். முதல் முறை அவள் முப்பதாவது வகையைக் காட்ட அவன் தலையைப் பிடித்து நுண்ணோக்கியில் அமுக்கினாள். இரண்டாம் முறை எண்ணிக்கொண்டிருந்தவள், "பேசாதே, கணக்கு விட்டுப்போயிடும்" என்று கையைக் காட்டினாள். இரண்டு தடவையும் அவனுக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் அவனுக்கு அசிங்கமாக இருந்தது.

சனிக்கிழமை மழை. மழை பெய்தால் ருஃபினோ ரொட்டி பொரிப்பார் என்பது நிலையத்துச் சட்டம். ரொட்டி வாசனைக்குப் பாதிப் பேர், மிர்த்தாவின் கூச்சலைக் கேட்ட ஆசையில் மீதிப் பேர் என்று கூடம் நிறைந்துவிட்டது. காதில் பஞ்சு வைத்த முக்குளிப்பவர்கூட வந்து உட்கார்ந்திருந்தார். மிர்த்தா தலைவாரி, நீல ஸ்வெட்டர் போட்டு, திரையில் விரிகுடாவின் படத்தைப் போட்டாள். பேசத் தொடங்கியதும் அவள் முகம் மலர்ந்த விதத்தில் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு வந்தது. கேலிச் சிரிப்பு இல்லை.

"இங்க, இந்த ஜி-3ல, செத்த இடம்னு நான் நினைச்ச இடத்துல, முப்பத்துமூணு வகை இருக்கு. அப்படின்னா நான் இத்தனை வருஷம்…"

எவாரிஸ்தோ எழுந்து நின்றான்.

"ஆரம்பிச்சுட்டான்யா" என்றது ஒரு குரல். கடல்யானை உறுமல் வரப்போகிறது என்று சிலர் தயாரானார்கள்.

"மிர்த்தா, அந்தச் சேறு ஜி-3 இல்ல."

"என்ன?"

"மிதவைக்கிட்ட நான் எடுக்கல. கிழக்குத் தீவுக்குப் பின்னால எடுத்தேன். எண்பத்து மூணைப் பார்த்தேன், நேரம் போயிடுச்சு, காத்து திரும்பிடுச்சு. சீட்டை மாத்தல. நீ நிறத்தைப் பத்திக் கேட்டப்பவும் பொய் சொன்னேன்."

மிர்த்தா திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"திங்கட்கிழமை நான் அந்தக் கடிதத்தைப் போட்டிருப்பேன்" என்றாள்.

"தெரியும்."

"எல்லாரும் ரொட்டி சாப்பிடுங்க. இன்னிக்குப் பேச்சு முடிஞ்சுது."

அவள் கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்றாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"எவ்வளவு ஆழம்?"

எவாரிஸ்தோவுக்குத் தெரியாது. ஆறு மீட்டர் என்று கண்ணைமூடிக்கொண்டு எழுதியிருந்தான்.

"ஒம்பதரை" என்றார் கப்ரேரா மூலையிலிருந்து. "கயித்து முடிச்சை நான் எண்ணினேன், டாக்டரம்மா. மணி ரெண்டே கால். இடத்தையும் குறிச்சு வச்சிருக்கேன்."

மிர்த்தா தலையசைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிறு முழுக்க அவள் அவனோடு பேசவில்லை. மாத்தேக் குடுவையைத் தனியே எடுத்துப் போய்விட்டாள். எவாரிஸ்தோ யாரும் சொல்லாமலே முப்பத்தொரு பேர் தட்டையும் கழுவினான். ருஃபினோ பக்கத்தில் நின்று துடைத்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"தைரியம் வரல."

"மூணு டன் மிருகத்துக்குப் பின்னால போய் நின்னு வாலைப் பிடிச்சு எண் பார்க்கறவன் நீ. ஒரு நொண்டிப் பொம்பளைகிட்ட என்னய்யா பயம்?"

"அது கடிக்கும், அவ்வளவுதான் ருஃபினோ. இவ என்னை நம்பினா."

திங்கள் காலை ஏழு மணிக்கு அவன் கதவு தடியால் தட்டப்பட்டது. மிர்த்தா கடல் உடுப்பு மாட்டி, பிசகிய காலில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"எழுந்திரு. என்னைப் படகுக்குத் தூக்கிட்டுப் போ."

"கால்…"

"காலைப் பத்திப் பேசாதே. நீ பேசவே பேசாதே. தூக்கு."

அவன் அவளை முதுகில் சுமந்து கூழாங்கல் கரையில் இறங்கினான். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றான்.

"என்ன, உன் கடல்யானையைவிடக் கனமா இருக்கேனா?"

இரண்டு நாளில் அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி. பேசாதே என்று சொன்னதால் அவன் தலையை மட்டும் ஆட்டினான். முதுகில் சுரீரென்று ஒரு அடி விழுந்தது. அவனுக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

முதலில் மிதவைக்குப் போனார்கள். இந்தத் தடவை பனித்துண்டுகள் விலகும்வரை காத்திருந்தார்கள். பிடி கொண்டுவந்த சேறு சாம்பல் நிறம், பல்பசை மாதிரி வழவழப்பு. மிர்த்தா அதை எவாரிஸ்தோவின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். பிறகு தீவுக்குப் பின்னால் போய் மூன்று இடத்தில் எடுத்தார்கள். பச்சை, சிப்பித் தூள், ஒரு குட்டி நட்சத்திர மீன்கூட வந்தது. எண்பத்து மூன்று அங்கேயே படுத்திருந்தது. எவாரிஸ்தோ அந்தப் பக்கம் திரும்பாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பார்த்துக்கோ, பரவாயில்ல" என்றாள் மிர்த்தா. "அவளாலதானே இந்த இடமே கிடைச்சுது."

அந்த வாரம் முழுக்க எவாரிஸ்தோ அவள் ஆய்வறையில் உட்கார்ந்து முடியளவு ஊசியால் இளஞ்சிவப்புப் புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வரிசையாக வைத்தான். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. காலையில் நாற்காலி காலியாக இருந்தது, போய் உட்கார்ந்தான். முதல் நாள் பத்தில் மூன்றைக் காணாமல் போக்கினான். மூன்றாம் நாள் வளையல்காரியை அவனே அடையாளம் கண்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினான்.

ஜி-3ல் ஐந்து வகை. எட்டு வருஷமாக அவள் சொன்னது சரிதான். அங்கிருந்து அறுநூறு மீட்டர் தள்ளி, தீவின் மறைவில், முப்பத்தாறு. தீவுப் பாறை பனிப்பாறைகளைத் தடுத்துவிடுகிறது, உருகும் நீரின் ஓட்டமும் அதைச் சுற்றிக்கொண்டு விலகிப்போகிறது என்று மிர்த்தா ஊகித்தாள். விரிகுடாவை நேர்க்கோட்டில் உள்ளேயிருந்து வெளியே அளந்துகொண்டே போனவள், ஓரத்தில் இப்படி ஒரு பொந்து இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

"கட்டுரையைத் திரும்ப வாங்கறியா?" என்று பயந்துகொண்டே கேட்டான்.

"ஏன் வாங்கணும்? அது சரி. அதுக்கு அப்புறம் இன்னொண்ணு எழுதணும், அவ்வளவுதான்."

"என் ஆளுங்க அங்க படுத்துச் சாணி போடறதுதான் காரணமோ என்னமோ. உரம் மாதிரி."

அவள் சிரிக்கப்போகிறாள் என்று நினைத்தான். அவள் பேனாவை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள்.

முப்பத்தாறில் ஒன்று அவளிடமிருந்த எந்த நூலிலும் இல்லை. தலையின் இரு பக்கமும் நத்தை ஓடுபோல ஒரு சுருள், வாலில் வளைந்த கொக்கி. பதினோரு புழுக்கள்தான் கிடைத்திருந்தன. ஊரில் இன்னும் இரண்டு பேர் பார்க்க வேண்டும், அதற்குமுன் புதிது என்று சொல்லமாட்டேன் என்றாள். ஆனால் செய்தி சமையலறைக்குப் போய்விட்டது. ருஃபினோ ஏப்ரனோடு வந்து நின்றார்.

"டாக்டரம்மா, புதுசுன்னு ஆச்சுன்னா யார் பேர் வைப்பீங்க? நம்ம எவாரிஸ்தோ பேரா?"

"பொய் சொன்னவன் பேரையா? புழு என்ன பாவம் பண்ணுச்சு?"

"அப்ப என் பேர் வைங்க" என்றார் ருஃபினோ.

"கப்ரேரா பேர்" என்றான் எவாரிஸ்தோ, நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆழத்தைச் சரியா எழுதினவர் அவர்தான்."

மிர்த்தா அவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவனுடைய கடல்யானை வரைபடத்தை மேசைமேல் விரித்து, கரையோரம் இருந்த ஏழு சின்னத் தீவுகளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டாள்.

"அடுத்த கோடை, இது எல்லாத்துக்கும் பின்னால. நான் கூட வருவேன்."

"சரி" என்றான் அவன். "தண்ணி சுடுது. மாத்தே யார் போடறது?"

"நீ போடு. சர்க்கரை ரெண்டு கரண்டி."

அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுந்து போய் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டான்.